தள்ளு சுச்சு வெச்ச டார்ச்சு

இது வேண்டாமுங்க அம்மிணி, எடுத்து உள்ள வைங்க. நல்ல டார்ச்சுதான், நான் இல்லீங்கல. பாக்கறதுக்கும் லட்சணமா இருக்குது. ஆனா பாருங்க, பட்டனை ஒருக்கா அமுத்துனா பெரிய வெளிச்சம். ரெண்டாவது அமுத்துனா சின்ன வெளிச்சம். மூணாவது அமுத்துனா மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. அணைக்கறதுக்கு நாலாவது ஒருக்கா அமுத்தோணும். எதுக்குங்க இதெல்லாம்? டார்ச்சுன்னா எரியோணும், இல்லீன்னா அணையோணும். நடுவால என்ன கூத்து?

எனக்கு வேணுங்கறது இத்தனைதானுங்க. தள்ளு சுச்சு இருக்கோணும். மேல தள்ளுனா எரியோணும், கீழ தள்ளுனா அணையோணும். மடியில சொருகிக்கற அளவுல இருக்கோணும். கனமா இருந்து சேலையை இழுக்கப்படாது. வயசானவங்களுக்குங்க. கை வெரலெல்லாம் வாதத்துல கோணிக் கெடக்குது.

இருங்க, நான் எப்படிப் பாக்கறன்னு பாருங்க. இந்தத் துண்டை இப்பிடிக் கையில சுத்திக்கறன். கட்டை வெரலு மடங்காத மாதிரி. சிரிக்காதீங்க அம்மிணி. இப்ப அந்தக் கறுப்பு டார்ச்சைக் குடுங்க. இதுக்கு வாலுல ரப்பர் பட்டன். அமுத்திப் பாக்கறன். பாத்தீங்களா, அமுங்கவே மாட்டீங்குது. நல்லா இருக்கற கைக்கே இத்தனை தெம்பு வேணும். அப்ப வாதக்காரக் கைக்கு? டார்ச்சு செய்யறவங்க யாருக்குமே ஊட்டுல வயசானவங்க இருக்க மாட்டாங்களாட்ட இருக்குது.

சார்ஜு போடறதும் வேண்டாமுங்க. அந்தப் பின்னு சொருகற ஓட்டை இருக்குதுல்ல, அது எறும்புப் பொந்தாட்டம் இருக்குது. கண்ணு மங்குனவங்க அதை எங்க தேடிப் புடிக்கறது? தலைகீழாச் சொருகி ஆட்டுனா ஓட்டையே பேந்துக்குது. செல்லு போடறதுதான் நல்லது. செல்லு போடற மூடியும் சுலுவாத் திருகறதா இருக்கோணும். நெறம் சேப்பா இருந்தாத் தேவலை. கீழ உழுந்தா மண்ணுல தெரியோணுமில்ல.

யாருக்குன்னு கேட்டீங்களே. எங்க நங்கையாளுக்குங்க. முழிக்கறீங்க. நீங்க தெக்கத்திப் பக்கமுங்களா? அதான பாத்தன், பேச்சு வேற மாதிரி இருக்குதேன்னு. நீங்க அண்ணிம்பீங்க, நாங்க நங்கையாம்போம். அண்ணன் சம்சாரம். பேரு பாவாயி. எங்க தோட்டத்துக்கு அக்கட்டால அவங்க தோட்டம். நடுவால ஒரு பொதுக் கெணறு, எங்கய்யன், உங்க பேச்சுல அப்பா, வெட்டுனது. கெணத்து மேட்டுல ஒரு மோட்டார் ரூமு, அதுக்குள்ள அண்ணன் மோட்டார் ஒண்ணு, என்ற மோட்டார் ஒண்ணு. ரூமு இருக்கறது அவங்க வாசலுக்கு நேரா. எங்க ஊடு தள்ளி, இந்தப் பக்கம் பள்ளத்துல.

அக்கறையா வந்து வாங்கறீங்களேன்னு சொல்றீங்க. அக்கறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சும்மா ஒரு இதுக்குத்தான். எங்களுக்குள்ள பேச்சு வார்த்தையே கெடையாது. பத்துப் பன்னெண்டு வருசமாச்சு. என்ற ஊட்டுக்காரிக்குக்கூட நான் இங்க வந்தது தெரியாது. உரம் வாங்கப் போறன்னு சொல்லிப்போட்டு வந்தன்.

என்னத்துக்குப் பேச்சு நின்னுதுன்னா, கேளுங்க, நீங்களே ஞாயம் சொல்லுங்க. அண்ணன் பையன் பூபதிக்குக் கண்ணாலம். எங்க பக்கமெல்லாம் பங்காளி ஊட்டுக்கு வெத்தலை பாக்கு வெச்சு நேர்ல வந்து கூப்புடோணும். அதுதான் மருவாதை. ஊரெல்லாம் போயிக் கூப்புட்டாரு எங்கண்ணன். கூப்புடு தூரத்துல இருக்கற எனக்கு, பண்ணையத்துக்கு வர்ற ஆளுகிட்டப் பத்திரிகையைக் குடுத்து உட்டாரு. கேட்டா, காலுல முள்ளு குத்திச் சீழ் புடிச்சுக் கெடந்தாராமா. நடக்க முடியலையாமா. முள்ளு. எல்லார் ஊட்டுக்கும் போனப்பக் குத்தாத முள்ளு எங்க ஊட்டுக்கு வர்றப்பக் குத்துச்சுங்களா? கடைசியா எங்க ஊட்டுக்கு வரலாம்னு வெச்சிருந்தாராமா, சொந்தத் தம்பிதானன்னு. நல்லாருக்குதே கதை. நான் கண்ணாலத்துக்குப் போகல. அன்னைலருந்து பேச்சு இல்ல.

ஆனா ஒண்ணு. வாயிலதான பேசறதில்லைன்னு இருந்தம்? டார்ச்சு வாயில சேராதுங்களே.

அதென்னன்னா, எங்களுக்குத் திரீபேஸ் கரண்டு எந்நேரமும் வராதுங்க. பகல்ல கொஞ்சம், பொழுதோட இருட்டுனப்பறம் கொஞ்சம். அது வந்தாத்தான் மோட்டார் ஓடும். வந்துதா இல்லையான்னு மோட்டார் ரூமுல இருக்கற மூணு பல்பைப் பாத்தாத்தான் தெரியும். அது அண்ணன் வாசலுக்குத்தான தெரியும்? அதனால கண்ணாலமாகி ரெண்டு ஊடா ஆன காலத்துல நாங்க வெச்ச ஏற்பாடு. கரண்டு வந்தா அவரு வாசல்ல நின்னு டார்ச்சை ரெண்டு அடி அடிப்பாரு. பளிச், பளிச். நான் பாத்துட்டு ஒண்ணு அடிப்பன். ரெண்டுன்னா கரண்டு வந்துருச்சுன்னு அர்த்தம். ஒண்ணுன்னா பாத்துட்டன், நீ போய்ப் படுத்துக்கன்னு அர்த்தம். நான் ஒண்ணு அடிக்கற வரைக்கும் அவரு உடப்படாது, அடிச்சுட்டே இருக்கோணும். அதுதான் மொறை. எங்கண்ணன் அதுல ரொம்பக் கறாரு. மழையா இருந்தாலும் கொடையைப் புடிச்சுட்டு நின்னு அடிப்பாரு.

பேச்சு நின்ன அன்னைக்கும் பொழுதோட ரெண்டு அடிச்சாருங்க. எனக்கு வந்துது பாருங்க கோவம். இந்த மனுசனுக்குச் சூடு சொரணை இருக்குதான்னு நெனச்சன். நெனச்சுட்டு நானும் ஒண்ணு அடிச்சன். வெள்ளாமை காயக்கூடாதில்ல.

பொறகு ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்துது. நானும் மாட்டிப்போட்டன். கரண்டு வந்தாத் தன்னால மோட்டார் ஓடிக்கும். ஆருக்கும் ஆரும் சொல்ல வேண்டியதில்ல. அது அவருக்கும் தெரியும், ஒரே ரூமுதான, கண்ணு முன்னால ஓடுதே. தெரிஞ்சும் ரெண்டு அடிச்சாரு. நானும் ஒண்ணு அடிச்சன். எதுக்கு அடிச்சீங்கன்னு கேட்டா என்னத்தைங்க சொல்றது? பழக்கம். பல்லு வெளக்கற மாதிரி.

எங்கண்ணங்கிட்ட இருந்தது பித்தளை டார்ச்சுங்க. எங்கய்யன் காலத்துது. தள்ளு சுச்சு. கையில புடிச்சா ஒரு பாரம் இருக்கும். வெளிச்சம் மஞ்சளா, தூரத்துல பாத்தா வெளக்கு வெச்ச மாதிரி இருக்கும். அது ஒண்ணும் கெடல. இந்தப் பூபதி பெங்களூருல இருக்கறானில்ல, அவன் பொங்க நோம்பிக்கு வந்தவன், அப்பனுக்கு வயசாயிருச்சு, கனமாத் தூக்கக் கூடாதுன்னு புதுசா ஒண்ணு வாங்கியாந்து குடுத்துட்டுப் போனான். நீங்க முதல்ல காட்டுனீங்களே, அந்த மாதிரி. ஒரே பட்டன்ல நாலு வேலை. அங்க புடிச்சது சனியன்.

வயசான கை பட்டனை எத்தனை தடவை அமுத்துச்சுன்னு அதுக்கே தெரியாது. ஒரு அடிக்கு நாலு தடவை வெரசா அமுத்தோணும், இவரு மூணோட நிறுத்திப்போடுவாரு. அது மினுக்க ஆரம்பிச்சுக்கும். மினுக்கு மினுக்குன்னு நிக்காம. முதல் தடவை அப்பிடிப் பாத்தப்ப அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சுட்டனுங்க. செருப்புக்கூடப் போடாம ஓடுனன். காட்டுக்குள்ள ஓடி, கெணத்து மேட்டுல ஏறிப் பாத்தா, மனுசன் டார்ச்சை உள்ளங்கையில தட்டித் தட்டிப் பாத்துட்டு நிக்கறாரு. என்னையப் பாத்தாரு. என்ற காலைப் பாத்தாரு, செருப்பில்லாம இருக்குதேன்னு. பாத்துட்டுச் சிரிச்சாரு.

சிரிச்சாருங்க அம்மிணி. அந்தச் சிரிப்பு இன்னைக்கும் என்ற கண்ணுல நிக்குது. ஓடி வந்தான் பாரு பேசாத தம்பின்னு சிரிக்கறாராமா. பொடக்குனு திரும்பி வந்துட்டன். காலுல நெருஞ்சி முள்ளு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டன், இனி மினுக்குனா மினுக்கிட்டே கெடக்கட்டும்னு. அதுக்கப்பறமும் நாலஞ்சு தடவை அப்பிடி மினுக்குச்சு. நான் அசையலையே. ஒண்ணு அடிப்பன், என்ற வேலையைப் பாப்பன். கொஞ்ச நேரத்துல அணையும்.

இல்லீங்க, மினுக்கறதைக் காட்ட வேண்டாம். நான் பாத்திருக்கறன். சரி, கேக்கறதுக்கு முன்னாலயே அமுத்திட்டீங்க.

இதென்ன, ஒரே சீரா இருக்குது. கடியாரத்து முள்ளாட்டம். நடுவால நிக்கவே மாட்டீங்குதே. எல்லா டார்ச்சும் இப்பிடித்தான் மினுக்குமுங்களா? ஒண்ணுகூட முன்ன பின்ன மினுக்காதா? நின்னு நின்னு, மூணு வேகமா, பொறகு ஒண்ணு மெதுவா, பொறகு கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லாம, பொறகு மறுக்கா, அந்த மாதிரி? செல்லு எறங்குனா அப்பிடி ஆகாதுங்களா? ஆகாதுங்கறீங்க. ஆகுமுங்க. நீங்க கடைக்குள்ள இருக்கறவங்க, தூரத்துல நின்னு பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். அணைங்க அம்மிணி. அணைங்கன்னா.

அந்தச் சேப்பு டார்ச்சை எடுங்க. ஆமா, அது.

போன ஐப்பசியிலதானுங்க. பொழுது எறங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். கட்டல்ல உக்காந்திருந்தன். அக்கட்டால வெளிச்சம் வந்துது. ரெண்டு இல்ல. மினுக்குது. நான் ஒண்ணு அடிச்சன். நிக்கல. இன்னொண்ணு அடிச்சன். நிக்கல. மறுபடி பட்டனை மாத்தி அமுத்திட்டாரு, வேறென்ன? யாரா இருந்தாலும் அப்பிடித்தான நெனப்பாங்க? எங்க தெய்வானை, என்ற சம்சாரம், ஊட்டுக்குள்ளருந்து எட்டிப் பாத்துட்டு, ஏனுங்க, ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாங்களேன்னா. மறுக்கா ஓடிப் போயி இளிக்க உடறதுக்கான்னு கேட்டன். மினுக்கறது நிக்கவே இல்ல. கண்ணுக்குள்ள வந்து குத்துது. கட்டலைத் திருப்பிப் போட்டு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துட்டனுங்க.

விடியக்காலம் பால்காரன் வேலுச்சாமி வந்து சொன்னான், அண்ணன் போயிட்டாருன்னு. மோட்டார் ரூமுப் படியில மாரு வலிச்சு உழுந்திருக்கறாரு. நங்கையா ஒத்தையில. தூக்கறதுக்குத் தெம்பில்ல. போன் இருந்துச்சு, அதுல போடத் தெரியாது. போட்டாலும் எங்க நெம்பர் அதுல எப்பிடிங்க இருக்கும்?

நீங்களே சொல்லுங்க, தப்பு ஆரு மேல? டார்ச்சு மேலதான? ஒரே பட்டன்ல அத்தனை வேலை எதுக்கு ஒரு கெழவனுக்கு? பூபதிகிட்ட நானே நேராச் சொன்னன். நீ வாங்கிக் குடுத்த டார்ச்சு எங்கண்ணனைக் கொன்னுபோட்டுதுடான்னு. அதுக்கு அவன், சித்தப்பா, அன்னைக்கு டார்ச்சு சரியாத்தான் இருந்துச்சு, அம்மாதான் உட்டு உட்டு அமுத்தியிருக்கறாங்கன்னான். அப்பன் கையிலருந்து உருவி எடுத்து, வாசல்ல வந்து நின்னு, எங்க ஊட்டைப் பாத்து. பெங்களூருல இருந்தவனுக்கு என்னங்க தெரியும்? நான் பாத்தவன். மினுக்குச்சு. அவ்வளவுதான்.

எழவுக்குப் போனன். போகாம இருக்க முடியுங்களா, பங்காளி நாந்தான. தோளும் குடுத்தன். ஊரெல்லாம் கூடி நிக்குது. நங்கையா தலைமாட்டுல உக்காந்திருந்தவங்க என்னையப் பாத்தாங்க. அழுகல. கத்தல. மெல்லக் கேட்டாங்க. வெளிச்சம் தெரியலீங்களா கொழுந்தனாரேன்னு.

அதுதான் கேட்டது. தண்ணி வேணுமான்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. கோவமா கேட்டிருந்தாப் பரவால்ல, நாலு பேச்சுப் பேசியிருந்தாப் பரவால்ல. நான் என்னத்தைச் சொல்றது? பேச்சுத்தான் இல்லையே எங்களுக்குள்ள. சபதம் இருக்குதல்ல. வாயைத் தெறக்காம நின்னுட்டு வந்துட்டன்.

சரி, முடிஞ்சுது, இனி அக்கட்டால வெளிச்சம் வராது, நானும் டார்ச்சைத் தூக்கிப் போட்டறலாம்னு நெனச்சனுங்க. கருமாதி முடிஞ்சு பூபதி கெளம்பிப் போனான். அன்னைக்குப் பொழுதோட கட்டல்ல உக்காந்திருக்கறன். பளிச், பளிச்.

அண்ணன் நிக்கற அதே எடம். அதே ஒசரத்துல. சாமி, அவருதான் வந்துட்டாருன்னே நெனச்சுட்டன். தெய்வானை வந்து பாத்துட்டு, உங்க நங்கையாதானுங்க, வேற ஆரு இருக்கறாங்கன்னா. மோட்டார் ரூமுப் பக்கம் காதைக் குடுத்தன். என்ற மோட்டார் ஓடற சத்தம். கரண்டு வந்துருக்குது. கரண்டு வந்துருச்சு, வந்து தண்ணி பாச்சுங்கன்னு சொல்றாங்களாமா. எனக்கு. கட்டுன புருசன் போயி மஞ்சக் குங்குமம் அழிச்ச கையோட.

நீங்க ஒரு பொம்பளை, சொல்லுங்க, இது என்னையக் குத்திக் காட்டறதுக்குத்தான? வேற எதுக்கா இருக்கும்? தெனமும் கேக்கறாங்க. தெரியலையா, தெரியலையான்னு. நான் பதில் அடிக்கல. அடிப்பனா? அது எங்கண்ணனுக்கு அடிக்கறது. ஆனா அவங்களும் நிறுத்தல. மொறை தெரியுமல்ல, இத்தனை வருசம் பக்கத்துல நின்னு பாத்தவங்க. பதில் வர்ற வரைக்கும் அடிக்கோணும். அடிச்சுட்டே இருந்தாங்க. பளிச், பளிச். கொஞ்சம் நிக்கும். பளிச், பளிச். நான் உள்ள போயிக் கதவைச் சாத்திக்குவன். சன்னல் வழியாச் செவுத்துல வந்து உழுகும். சன்னலுக்குச் சாக்கு மாட்டுனன். சாக்கு இடுக்குல பொட்டுப் பொட்டா உழுகும். எங்க ஊட்டுச் செவுத்துல எங்கண்ணன் கண்ணாலப் படம் ஒண்ணு மாட்டியிருக்குது, சரியா அதும்மேல. தெய்வானை கும்புட்டாப் போலக் கேட்டா. போயி ஒண்ணே ஒண்ணு அடிச்சுட்டு வாங்க, பாவம், கெழவி கை நோகும்னா. சோத்துத் தட்டத்தைத் தள்ளி உட்டுட்டு எந்திரிச்சன்.

பகல்லயும் வர ஆரம்பிச்சுதுங்க. அவங்க அடிக்கறதில்ல. எனக்குத்தான். பஸ்ஸுக் கண்ணாடியில வெயில் பட்டாக்கூட ரெண்டு தடவை படற மாதிரி இருக்கும்.

பொறகு வெளிச்சம் கொறஞ்சுட்டே வந்துது. ரெண்டு அடிக்கறதுக்கு நடுவால நேரமாச்சு. ஒண்ணு அடிச்சு, நான் மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பன், ரெண்டாவது எப்ப வரும்னு. சில நாளு வரவே வராது. அப்பறம் போன வாரத்துல ஒரு நா, ஒண்ணும் வரல.

அப்பாடான்னு இருந்துதுங்க. சாக்கைக் கழட்டுனன். கட்டலை எடுத்து வாசல்லயே போட்டன், அந்தப் பக்கம் பாத்து. கரண்டு வந்துது, மோட்டார் ஓடுது, அக்கட்டால இருட்டு. அத்தனை இருட்டு அங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது அம்மிணி. ரெண்டு ஊடா ஆனதுலருந்து அந்தப் பக்கம் ஆராவது ஒருத்தரு வெளிச்சம் அடிச்சுட்டே இருந்திருக்கறாங்க. மறுநாளும் இல்ல. அதுக்கடுத்த நாளும் இல்ல.

வேலுச்சாமியப் பாலூத்தறப்ப சும்மா கேக்கற மாதிரி கேட்டன். அக்கட்டால எல்லாரும் சௌக்கியமான்னு. எல்லாருன்னா ஒருத்தருதான இருக்கறாங்கன்னு சிரிச்சுட்டுச் சொன்னான். சௌக்கியந்தானுங்க, ஆனா டார்ச்சு கெட்டுப்போச்சுன்னு ஒரே வெசனம். பட்டனு கையில அமுங்கறதில்லையாமா. கடைசியாத் தரையில வெச்சு ரெண்டு உள்ளங்கையாலயும் மேல படுத்து அமுத்துவாங்களாமா, தெனம். இப்ப அதுக்கும் எரியறதில்ல. எதுக்கு ஆத்தா, ஊட்டுக்குள்ளதான் பல்பு இருக்குதேன்னு இவன் கேட்டதுக்கு, எங்க ஊட்டுக்காரரு போறப்ப ஒண்ணே ஒண்ணுதாஞ் சொன்னாரு, தம்பிக்கு வெளிச்சம் அடிச்சியான்னு, அப்பிடின்னாங்களாமா.

அப்பிடின்னு வேலுச்சாமி சொல்றான். அவன் எதையும் கூட்டிச் சொல்றவன். நான் அதையெல்லாம் நம்பல. இருட்டுல தடுக்கி உழுந்துட்டா நாளைக்கு ஊரு என்னையத்தான பேசும், அதுக்குத்தான் வந்தன்.

இந்தச் சேப்பு நல்லாருக்குது. துண்டு சுத்துன கையிலயே சுலுவாத் தள்ளுது பாருங்க. வெரலே வேண்டாம், உள்ளங்கை ஓரம் பட்டாப் போதும். மூடியும் பட்டுன்னு திருகுது. கயிறு இருக்குது, கையில மாட்டிக்கலாம். மடியில வெச்சா வெச்ச எடம் தெரியாது. இதையே குடுத்துருங்க. செல்லு நீங்களே போட்டுக் குடுங்க, எந்தப் பக்கம் தலைன்னு அவங்களுக்குத் தெரியாது. வேலுச்சாமிகிட்டக் குடுத்து உட்டர்றன். பூபதி அனுப்புனான்னு சொல்லச் சொல்லிருவன்.

நானா? நான் எப்பிடிங்க நேராப் போறது? கூப்புடு தூரந்தான். இருந்தாலும்.

ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க அம்மிணி. கிட்டத்துல எல்லா டார்ச்சும் நல்லாத்தான் எரியும். தூரத்துல தெரியோணும். எதுத்தாப்பல சாக்குக் குடோன் இருக்குதுல்ல, உள்ள பகல்லயும் இருட்டாத்தான் கெடக்குது. அங்க கடைசீல போயி நின்னு ரெண்டு அடி அடிச்சுக் காட்டுறீங்களா? கடையை நான் பாத்துக்கறன். ரெண்டுங்க. ரெண்டே ரெண்டு. தள்ளி, இழுத்து, தள்ளி, இழுத்து. பாத்துப் போங்க, வண்டி வருது.

இன்னும் உள்ள போங்க. இன்னும். அங்கதான். அந்த எடத்துல நில்லுங்க.

அடிங்க.

ம்.

என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸு போகுது. வெளிச்சம் தெரியுதான்னு கேக்கறீங்களா?

இன்னொருக்கா அடிங்க. ரெண்டு. ஆமா. நிறுத்தாதீங்க. அடிச்சுட்டே இருங்க, நான் சொல்ற வரைக்கும். ஆளுக பாத்தாப் பாத்துட்டுப் போறாங்க. என்ற டார்ச்சும் இங்கதான் மடியில இருக்குது, கொண்டு வந்திருக்கறன். தெனமும் எடுத்துச் சொருகிக்கறதுதான். இருங்க, எடுக்கறன். கை வர மாட்டீங்குது. இந்தத் துண்டு வேற சுத்திக் கெடக்குது. அடிங்க அம்மிணி, உட்றாதீங்க. எடுத்துட்டன். இந்தாங்க.

ஒண்ணு.

தெரிஞ்சுதுங்களா? பாத்துட்டனுங்க. போதும், நிறுத்துங்க. கை நோகும். நான் பாத்துட்டன். நீங்க போய்ப் படுத்துக்கங்க.